நசுங்குவதற்கென்றே ஒரு வளையம்

சென்ட்ரலுக்கும் பேசின் பிரிட்ஜுக்கும் இடையே ஓடும் தண்டவாளங்களைத் தாண்டி, வால்டாக்ஸ் சாலைப் பக்கத்தை வேப்பேரிப் பக்கத்தோடு இணைப்பது யானைக்கவுனி மேம்பாலம். அதில் ஏறி இறங்கும் பழைய மோட்டார் சைக்கிள்களின் சத்தத்தைக் கவனித்தால் ஒரு புதிர் பிடிபடும். ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை முறுக்கிக்கொண்டு போகும்போது வண்டி சீராகத் தடதடத்துப் போகிறது. உச்சியைத் தாண்டி, ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு கியரிலேயே உருண்டு இறங்கும்போது சைலன்சருக்குள் 'பட்... பட்பட்' என்று வெடிக்கிறது. எஞ்சின் மூச்சுமுட்ட உழைக்கும்போது வராத வெடி, அது ஏறக்குறைய சும்மா இருக்கும்போது ஏன் வருகிறது? இதைவிட விந்தை, பல வண்டிகளில் இந்த வெடி தொடங்கும் வேளைதான். எஞ்சினில் ஒன்றும் பழுதில்லை. வேறு ஏதோ வேலைக்காக சைலன்சரைக் கழற்றி மறுபடி மாட்டியிருப்பார்கள், அவ்வளவே. மெக்கானிக்கிடம் கேட்டால், "சைலன்சர் பேக்கிங் போயிடுச்சு, புதுசு வாங்கிட்டு வாங்க" என்பார். பேக்கிங், கேஸ்கட், சைலன்சர் ரிங் என்றெல்லாம் கடையில் கேட்கப்படும் அந்தச் சிறு வளையத்தைத் தமிழில் கசிவடைப்பு வளையம் எனலாம். ஒருமுறை கழற்றினால் அதைத் திரும்பப் போடக் கூடாது என்பது பட்டறை விதி. பார்வைக்கு நன்றாகவே இருக்கும் ஒரு பொருளை எறியச் சொல்வது வீண்செலவு என்று பலருக்கும் தோன்றுகிறது. அது வீண்செலவு அல்ல, அந்த வளையம் வேலை செய்யும் முறையே அதுதான் என்பதை இயற்பியலைக் கொண்டு காட்டிவிடலாம்.

முதலில் அந்த வளையம் இருக்கும் இடம். பெட்ரோலும் காற்றும் கலந்து எரிந்த புகை, பெரும்பாலான வண்டிகளில் எஞ்சினின் தலைப்பகுதியான ஹெட்டில் உள்ள ஒரு வாய் வழியே வெளியே வருகிறது. அங்கிருந்து அதை வளைத்துப் பின்னால் கொண்டுபோகும் குழாயைப் பட்டறைகளில் பெண்டு பைப் என்பார்கள். இந்தக் குழாய் எஞ்சினோடு சேரும் விதம் வண்டிக்கு வண்டி வேறுபடும். மைசூரில் ஐடியல் ஜாவா செய்த இரண்டு ஸ்ட்ரோக் வண்டியான எஸ்டியில், மரையுள்ள பெரிய நட் ஒன்று குழாயை சிலிண்டரின் வாயோடு இறுக்கும். பெரும்பாலான நூறு சி.சி. வண்டிகளில் ஹெட்டிலிருந்து நீளும் இரண்டு ஸ்டட்கள் குழாயின் விளிம்புத் தகட்டைப் பிடித்திருக்கும். இரண்டிலும் குழாயின் முனைக்கும் புகை வாய்க்கும் நடுவே வளையம் உட்கார்ந்திருக்கும். செம்பில் செய்தது, செம்புத் தகட்டுக்குள் நார்ப்பொருளை அடைத்தது, இரும்புக் கம்பி வலையோடு கிராஃபைட்டைச் சேர்த்து அழுத்தியது எனப் பல வகை உண்டு. எந்த வகையானாலும் பொதுவான குணம் ஒன்று: தன்னைச் சுற்றியுள்ள எல்லா உலோகத்தையும்விட அது மென்மையானது.

மென்மை ஏன் வேண்டும்? ஹெட்டின் முகத்தையும் குழாயின் முகத்தையும் நேரடியாக இறுக்கி மூடிவிட முடியாதா? கண்ணுக்குச் சமதளமாகத் தெரியும் உலோகப் பரப்பு, நுணுகிப் பார்த்தால் மேடும் பள்ளமுமானது. இரண்டு பரப்புகளை ஒன்றன்மேல் ஒன்று வைக்கும்போது மேடுகளின் உச்சிகள் மட்டுமே தொடுகின்றன. மற்ற இடமெல்லாம் இடைவெளி. இது ஊகம் அன்று. கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்த பௌடன், டேபர் இருவரும் 1939-இல் வெளியிட்ட ஆய்வில், தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு உலோகங்களின் ஊடே மின்சாரத்தைச் செலுத்தி அளந்தார்கள். தொடும் இடம் குறுகினால் மின்தடை கூடும். அந்தத் தடையிலிருந்து கணக்கிட்டபோது, தட்டையான எஃகுப் பரப்புகள் உண்மையிலேயே தொடும் இடம், தொடுவதாகத் தோன்றும் பரப்பில் மிகமிகச் சிறிய பங்குதான் என்று தெரிந்தது. இதை உண்மைத் தொடுபரப்பு என்கிறோம். எடையைக் கூட்டினால் மேடுகள் நசுங்கி அந்தப் பரப்பு விரியும். எவ்வளவு விரியும் என்பதை முடிவு செய்வது இரண்டு உலோகங்களில் மென்மையானதுதான். ஆகவே இரண்டு கடினமான முகங்களை எவ்வளவு இறுக்கினாலும் பள்ளங்கள் ஒன்றோடொன்று இணைந்து புகைக்கு வழிவிட்டுக்கொண்டே இருக்கும். நடுவே ஒரு மென்பொருளை வைத்தால் அது இரண்டு பக்கப் பள்ளங்களுக்குள்ளும் பிதுங்கி வழியை அடைக்கும்.

இடைவெளி சிறிதானால் கசிவு எவ்வளவு குறையும் என்பதிலும் ஒரு வியப்பு இருக்கிறது. மிக ஒடுங்கிய சந்துக்குள் வாயு போகும்போது, சந்தின் உயரத்தைப் பாதியாக்கினால் கசிவும் பாதியாகக் குறையும் என்றுதான் மனம் கணக்குப் போடும். உண்மையில் அது எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. பத்தில் ஒன்றாக ஒடுக்கினால் ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். சுவரோடு ஒட்டிய வாயு நகர மறுப்பதும், ஒடுங்கிய சந்தில் சுவரை ஒட்டாத பகுதியே இல்லாமல் போவதும் இதற்குக் காரணம். வளையம் பள்ளங்களை அணு அளவுக்கு நிரப்ப வேண்டியதில்லை. பெரும்பாலும் நிரப்பினாலே போதும், கசிவு அடங்கிவிடும். மறுபக்கமாகப் பார்த்தால், பழைய வளையம் விட்டுவைக்கும் மயிரிழைச் சந்தும் அலட்சியப்படுத்தக்கூடியதன்று. சந்து இருமடங்கானால் கசிவு எட்டு மடங்காகும்.

பழைய வளையம் ஏன் சந்து விடுகிறது? வடசென்னைக் கல்யாண வீடுகளில் பிரியாணிக்குத் தம் போடும் முறையை நினைத்துக்கொள்ளலாம். அண்டாவின் விளிம்பில் பிசைந்த மைதா மாவை ஒட்டி, அதன்மேல் மூடியை வைத்து அழுத்துவார்கள். ஈர மாவு விளிம்பின் கோணல்களுக்கும் மூடியின் நெளிசலுக்கும் ஏற்ப நசுங்கி ஆவியை அடைக்கிறது. சூட்டில் அது காய்ந்து இறுகுகிறது. இறுகிய வடிவம் அந்த அண்டாவும் அந்த மூடியும் அப்போது இருந்த நிலைக்கு மட்டுமே பொருந்தும். மூடியைத் திறந்துவிட்டு, காய்ந்த மாவின்மேலேயே மறுபடி வைத்தால் ஆவி நிற்காது. மூடி ஒரு நூலிழை நகர்ந்திருக்கும். மாவுக்கு இனி நசுங்கும் தன்மை இல்லை. சைலன்சர் வளையத்தின் கதையும் இதுவே. விசையை எடுத்ததும் பழைய உருவுக்குத் திரும்புவதை மீள் உருமாற்றம் என்றும், திரும்பாமல் அப்படியே நின்றுவிடுவதை மீளா உருமாற்றம் என்றும் பொறியியலில் பிரிக்கிறார்கள். சைலன்சர் வளையம் பெரும்பாலும் இரண்டாம் வகை. அதன் உழைப்பு முழுவதும் முதல் இறுக்கலிலேயே செலவாகிவிடுகிறது.

செம்பு வளையத்தில் இந்தச் செலவு எங்கே போகிறது என்பது இன்று நன்றாகத் தெரியும். உலோகத்துக்குள் அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த அடுக்கில் ஆங்காங்கே வரிசை தப்பிய கோடுகள் உண்டு. அவற்றை அடுக்குப் பிசகுகள் எனலாம். செம்பு நசுங்குவது இந்தப் பிசகுகள் நகர்வதால்தான். நசுங்க நசுங்கப் பிசகுகள் பெருகி, ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு, நகர முடியாமல் போகின்றன. அதனால் உலோகம் கடினமாகிறது. ஒரு செம்புக் கம்பியை வளைத்து நிமிர்த்தி, மறுபடி வளைத்துப் பார்த்தால் இரண்டாம் முறை கை அதிகம் உழைக்க வேண்டியிருப்பதை எவரும் உணரலாம். எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகு 1950-களில் இந்தப் பிசகுகளை நேரிலேயே பார்த்தார்கள். நார்ப்பொருளோ கிராஃபைட்டோ அடைத்த வளையத்தில் கதை கொஞ்சம் வேறு: உள்ளே இருக்கும் பொருள் அழுந்திக் கெட்டியாகிவிடுகிறது, வெளித் தகடு மடிந்துவிடுகிறது. இரண்டிலும் விளைவு ஒன்றே. நசுங்கும் திறன் தீர்ந்த வளையம், புதிய மேடுபள்ளங்களோடு ஒத்துப்போக மறுக்கிறது.

"அப்படியானால் இன்னும் பலமாக இறுக்கினால் போயிற்று" என்பது உடனே எழும் மறுப்பு. இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். குழாயின் உட்குறுக்களவு மூன்று செ.மீ. என்றால் அதன் வாய்ப்பரப்பு சுமார் 7 சதுர செ.மீ. உள்ளே புகையின் அழுத்தம் வெளிக்காற்றைவிட ஒரு மடங்கு கூடுதலாக இருந்தாலும், குழாயை வெளியே தள்ளும் விசை ஏழு கிலோ எடைக்குச் சமம். ஆறு மி.மீ. ஸ்டட்டில் உள்ள நட்டை, இருபது செ.மீ. நீள ஸ்பேனரின் முனையில் ஐந்து கிலோ எடை தொங்கும் அளவு விசை கொடுத்து இறுக்கினால், அந்த ஒரு நட்டின் பிடி ஏறத்தாழ 800 கிலோ எடைக்குச் சமமாகும். இரண்டு நட்டுக்கும் சேர்த்து 1,600 கிலோ. ஏழு கிலோவைத் தடுக்க எதற்கு 1,600 கிலோ? குழாயைப் பிடித்து வைப்பதற்காக அன்று. மென்மையான வளையத்தை நசுக்கிப் பள்ளங்களுக்குள் ஏற்றுவதற்காகவே இவ்வளவு விசையும். வளையம் ஏற்கெனவே கெட்டியாகிவிட்டிருந்தால், அதை மறுபடி நசுக்க இதைவிட எவ்வளவோ கூடுதல் விசை வேண்டும். அதற்குள் எஃகு ஸ்டட் இழுபட்டு அறுந்துபோகும், அல்லது அலுமினிய ஹெட்டில் உள்ள மரை உரிந்துவிடும். சில ரூபாய் வளையத்தைக் காப்பாற்றப் போய் ஹெட்டையே லேத் பட்டறைக்கு அனுப்ப நேரிடும்.

இறுக்கும் விசையை நம்புவதில் இன்னொரு மயக்கமும் உண்டு. ஸ்பேனரில் நாம் கொடுக்கும் முறுக்கில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் ஸ்டட்டை இழுத்துப் பிடியாக மாறுகிறது. மீதி ஒன்பது பங்கும் நட்டின் அடியிலும் மரையிலும் உராய்வாகப் போகிறது. துருவேறிய ஸ்டட்டில் உராய்வு இன்னும் கூடும். கை வலிக்க இறுக்கியதாகத் தோன்றினாலும் வளையத்துக்குப் போய்ச் சேரும் அழுத்தம் சொற்பமாக இருக்கும். கடற்காற்று படும் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வண்டிகளில் உப்புத் துரு இதை மேலும் மோசமாக்குகிறது. அதனால்தான் மரையைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்வது வேலையின் பாதியாகிறது. மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவினால் இதற்கு நேரெதிர் ஆபத்து: உராய்வு குறைவதால் அதே முறுக்கு ஸ்டட்டை அளவுக்கு மீறி இழுத்துவிடும். அப்போது கொஞ்சம் குறைவாகவே இறுக்க வேண்டும்.

இனி பாலத்து இறக்கத்தில் கேட்ட வெடிக்கு வரலாம். குழாய்க்குள் எப்போதும் வெளியே தள்ளும் அழுத்தம்தான் இருக்கும் என்றால், சந்து வழியே புகை வெளியே வருமே தவிரக் காற்று உள்ளே போகாது. ஆனால் புகை ஆறுபோல ஒரே சீராக ஓடுவதில்லை. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது புகை வால்வு நொடிக்கு 25 முறை திறக்கிறது. ஒவ்வொரு முறையும் ஓர் அழுத்த அலை குழாய்க்குள் பாய்கிறது. 500 டிகிரி செல்சியஸ் சூடான வாயுவில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 550 மீட்டர் போகும். அலையும் அதே வேகத்தில் போகிறது. குழாய் சட்டென்று அகன்று சைலன்சராக மாறும் இடத்தில் அலையின் ஒரு பகுதி திரும்புகிறது. திரும்பும்போது அழுத்தம் உறிஞ்சலாக மாறிவிடுகிறது. ஒரு மீட்டர் குழாயில் போய்வர நான்கு மில்லி நொடிகூட ஆகாது. அடுத்த வெடிப்புக்கோ நாற்பது மில்லி நொடி இருக்கிறது. ஆக, ஒவ்வொரு சுழற்சியிலும் ஹெட்டின் வாயருகே அழுத்தம் சில கணங்கள் வெளிக்காற்றுக்கும் கீழே இறங்குகிறது. குழாயில் சிறு அழுத்த உணரிகளைப் பொருத்தி, நேரத்துக்கு நேரம் அழுத்தம் ஏறி இறங்குவதைப் பொறியாளர்கள் வரைபடமாகப் பதிவு செய்திருக்கிறார்கள். சந்து இருந்தால், அந்தக் கணங்களில் அது காற்றை உள்ளே இழுக்கும்.

உள்ளே போன காற்று எல்லா நேரமும் வெடி உண்டாக்குவதில்லை. ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டர் திறந்திருக்கும்போது சிலிண்டருக்குள் நிறையக் கலவை போய் நன்றாக எரிகிறது. வெளியே வரும் புகையில் எரிய மிச்சம் குறைவு. இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை மூடியதும் நிலைமை மாறுகிறது. கார்புரேட்டர் வண்டியில் அப்போதும் கொஞ்சம் பெட்ரோல் உள்ளே இழுபடும். ஆனால் புதிய காற்று மிகக் குறைவு; முந்தைய சுழற்சியின் எரிந்த புகையே சிலிண்டரில் நிறைந்திருக்கும். தீப்பொறி விழுந்தாலும் பல தடவை கலவை பற்றாது. பற்றாத பெட்ரோல் ஆவி அப்படியே சூடான குழாய்க்குள் தள்ளப்படுகிறது. அங்கே எரிபொருள் இருக்கிறது, வெப்பம் இருக்கிறது, இல்லாதது ஆக்ஸிஜன் மட்டும்தான். அந்தக் குறையைச் சந்து தீர்த்து வைக்கிறது. ஏதோ ஒரு சுழற்சியில் கலவை பற்றி எரிந்து, சுவாலையோடு குழாய்க்குள் வரும்போது, அங்கே காத்திருக்கும் கலவை மொத்தமாக வெடிக்கிறது. இதைப் பின்வெடிப்பு எனலாம். எஞ்சின் உழைக்கும்போது அமைதியும், ஓய்வில் வெடியுமாக இருப்பதன் காரணம் இதுதான்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு இருக்கிறது. சமீப காலத்து வண்டிகள் பலவற்றில், புகையில் மிச்சமிருக்கும் நச்சை எரிப்பதற்காக நிறுவனங்களே புகை வாய்க்குள் காற்றை விடுகின்றனவே? காற்று கெடுதல் என்றால் அதை ஏன் செய்கிறார்கள்? செய்கிறார்கள் என்பது உண்மை. எப்படிச் செய்கிறார்கள் என்பதில்தான் விடை இருக்கிறது. அந்தக் காற்று ஒருவழித் தகடு வழியே அளவாகப் போகிறது. ஆக்ஸிலரேட்டரை சட்டென்று மூடும்போது காற்றுவழியை அடைத்துவிடும் தனி வால்வும் பல வண்டிகளில் உண்டு. அது இருப்பதே பின்வெடிப்பைத் தவிர்க்கத்தான். ஆகவே இந்த ஏற்பாடு நம் விளக்கத்தை மறுக்கவில்லை, உறுதிப்படுத்துகிறது. காற்று எப்போது வரலாம், எப்போது வரக் கூடாது என்பதைச் சந்து அறியாது. 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பாரத் ஸ்டேஜ் 6 வண்டிகளில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. புகையில் உள்ள ஆக்ஸிஜனை அளந்து பெட்ரோல் அளவை முடிவு செய்யும் உணரி, சந்து வழியே வந்த காற்றையும் சேர்த்து அளந்து ஏமாந்துவிடும்.

ஆனால் ஒவ்வொரு வெடிக்கும் வளையத்தைக் குற்றம் சொல்வதும் சரியன்று. கார்புரேட்டரில் மெதுவோட்டக் கலவை நீர்த்துப் போனாலும், கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே காற்றுக் கசிவு இருந்தாலும் இதே வெடி கேட்கும். எனவே அறிகுறியிலிருந்து நேரே முடிவுக்குத் தாவாமல் தடயம் தேட வேண்டும். எஞ்சின் ஆறிய பிறகு இணைப்பைச் சுற்றிப் பார்த்தால், கசிந்த இடத்தில் கறுப்புக் கரிக்கோடு ஹெட்டின்மேல் விசிறிபோலப் படிந்திருக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது சைலன்சர் வால் வழியே காற்றை மெல்லச் செலுத்தி, இணைப்பில் சோப்புநீர் தடவினால் குமிழிகள் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். எல்லாவற்றையும்விட நல்ல சாட்சி, கழற்றிய வளையமே. அது நன்றாக அழுந்திய இடம் பளபளப்பான பட்டையாக இருக்கும். புகை புகுந்த இடத்தில் அந்தப் பட்டை அறுந்து, குறுக்கே கரி படிந்திருக்கும். பட்டை ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் மெலிந்தும் இருந்தால், இரண்டு நட்டும் சமமாக இறுக்கப்படவில்லை அல்லது விளிம்புத் தகடு வளைந்திருக்கிறது என்று பொருள். வளையத்தை மாற்றினால் மட்டும் போதாது, காரணத்தையும் சரிசெய்ய வேண்டும் என்பதை அந்தப் பட்டையே சொல்லிவிடுகிறது.

வடசென்னையோடு சேர்ந்தே வளர்ந்த ஒரு வண்டியை வைத்து எழுப்பக்கூடிய மறுப்பும் உண்டு. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து தொடங்கிய என்ஃபீல்ட் இந்தியா, திருவொற்றியூர் ஆலையில் பல பத்தாண்டுகள் செய்த 346 சி.சி. புல்லட்டில், பெண்டு பைப் ஹெட்டின் வாயில் நேரடியாகச் செருகி நின்றது. நடுவே வளையம் இல்லை. வளையம் இல்லாமலே ஓடியதே? ஓடியது, அதற்குக் காரணமும் இருக்கிறது. செருகிய குழாயில் புகை வெளியேற நீண்ட, ஒடுங்கிய வழியைக் கடக்க வேண்டும். வழி நீளமானால் கசிவு குறையும். போகப்போகக் கரியும் படிந்து மிச்சத்தை அடைக்கும். ஆயினும் அது முழு அடைப்பு அன்று. குழாய் அதிர்ந்து தளர்ந்தால் கசியும், கழற்றி மாட்டினால் படிந்த கரி உதிர்ந்துவிடும். 2008-க்குப் பிறகு அதே நிறுவனத்தில் வந்த புதிய எஞ்சினில் இரண்டு ஸ்டட், விளிம்புத் தகடு, நடுவே வளையம் என்ற ஏற்பாடு வந்தது. மாசுக் கட்டுப்பாடு இறுகிய காலத்தில் கசிவுக்கு இடமில்லை. பழைய முறை வளையத்தின் தேவையைப் பொய்யாக்கவில்லை. கசிவை எவ்வளவு பொறுத்துக்கொண்டோம் என்பதைத்தான் காட்டுகிறது.

மலிவான மாற்று வழிகளையும் இந்த அளவுகோலால் எடைபோடலாம். கழற்றிய செம்பு வளையத்தை அடுப்புத் தீயில் செக்கச் சிவக்கச் சுட்டு ஆறவிட்டால் மறுபடி மென்மையாகும் என்பது பழைய பட்டறை அறிவு, முற்றிலும் சரியானது. சூட்டில் அணுக்கள் புதிய அடுக்காக அமைந்து, சிக்கிய பிசகுகள் கரைந்துவிடுகின்றன. இதைச் சுட்டு இளக்குதல் எனலாம். ஆனால் இது திண்மையான செம்பு வளையத்துக்கு மட்டுமே பொருந்தும். மென்மை திரும்பினாலும் நசுங்கிப்போன கனம் திரும்பாது. உள்ளே வேறு பொருள் அடைத்த வளையத்தை இப்படிச் சுடவே கூடாது. சிலிகான் பசையைத் தடவுவது இன்னொரு வழி. அந்தப் பசையில் நல்ல வகையே சுமார் 300 டிகிரி வரைதான் தாங்கும். புகை வாயில் அதைவிட மிகக் கூடுதல் சூடு இருப்பதால் எரிந்து சாம்பலாகி, சந்தை முன்னைவிடப் பெரிதாக்கிவிடும். பழையதன்மேல் புதியதை வைத்து இரண்டாகப் போடுவது மூன்றாவது வழி. இரண்டு இடைமுகங்கள் இருந்த இடத்தில் மூன்று வருகின்றன. அடங்கிப் போகும் கனமும் இருமடங்காகிறது. இது பெரும்பாலும் தெரியாமலே நடக்கிறது என்பதுதான் வருத்தம்: பழைய வளையம் ஹெட்டின் வாய்க்குள் கரியோடு ஒட்டி, ஹெட்டின் பகுதிபோலவே தெரியும்.

இதையெல்லாம் புரிந்துகொண்டால், வேலையின் ஒவ்வொரு படியும் மனப்பாடமாக இல்லாமல் காரணத்தோடு நினைவில் நிற்கும். எஞ்சின் முழுதாக ஆறிய பிறகு தொடங்குவது, தீப்புண்ணைத் தவிர்க்க மட்டுமன்று. சூடான அலுமினியத்தில் மரை எளிதில் உரியும். துருப்பிடித்த நட்டுகளில் துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஊற வைத்தால் ஸ்டட் முறியாது. வாய்க்குள் ஒட்டிய பழைய வளையத்தை ஸ்குரூ டிரைவரால் கிளறினால் அலுமினியத்தில் கீறல் விழும். அந்தக் கீறல் எந்த வளையமும் அடைக்க முடியாத ஒரு வாய்க்காலாகிவிடும். மரச் சில்லோ பித்தளைத் தகடோ போதும். முகங்களைச் சுத்தம் செய்து, புது வளையத்தை ஒரு சொட்டு கிரீஸால் வாயில் ஒட்டி நிறுத்தி, குழாயைப் பொருத்தி, எல்லா நட்டுகளையும் விரலால் மட்டும் ஏற்ற வேண்டும். பிறகு ஹெட்டுப் பக்க நட்டுகளை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். சைலன்சரின் பின்பக்கப் போல்ட் கடைசியில். பின்பக்கத்தை முதலில் இறுக்கினால் குழாய் கோணலாக நின்று, வளையத்தின் ஒரு பக்கத்தில் மட்டுமே அழுத்தம் விழும்.

கடைசிப் படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். முன்பு சொன்ன 800 கிலோ பிடியில், இருபத்தைந்து மி.மீ. நீள ஸ்டட் ஒன்று நீள்வது சுமார் 0.05 மி.மீ. மட்டுமே, ஒரு தலைமுடியின் கனம்கூட இல்லை. பிடி முழுவதும் அந்த நுண்ணிய நீட்சியில்தான் சேமிக்கப்பட்டிருக்கிறது. முதல் முறை எஞ்சின் சூடாகும்போது மென்மையான வளையம் இன்னும் கொஞ்சம் அடங்குகிறது. அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இருமடங்கு விரிவதால் முகங்கள் ஒன்றின்மேல் ஒன்று நூலளவு சறுக்கவும் செய்கின்றன. வளையம் 0.05 மி.மீ. அடங்கினாலே பிடி முழுதும் போய்விடும். எனவே ஒருமுறை ஓட்டிச் சூடாக்கி, முற்றும் ஆறவிட்டு, நட்டுகளை மறுபடி சரிபார்ப்பது கூடுதல் கவனம் அன்று. வேலையின் ஒரு பகுதி. புது வளையம் போட்டும் சில நாளில் வெடிக்கிறது என்பவர்கள் வளையத்தைக் குறை சொல்லும் முன் இதைச் செய்தார்களா என்று பார்க்க வேண்டும்.

பழைய வண்டிகளில் உயிர் சம்பந்தப்பட்ட ஓர் எச்சரிக்கையும் உண்டு. முற்காலத்து வளையங்கள் பலவற்றில் செம்புத் தகட்டுக்குள் அடைத்தது கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். வெப்பம் தாங்கும், நசுங்கும், மலிவு என்பதால் அதைவிடப் பொருத்தமான பொருள் அப்போது இல்லை. ஆனால் அதன் நுண்ணிழைகள் மூச்சோடு நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது நிறுவப்பட்ட உண்மை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை ஐயமற்ற புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல் அதன் பயன்பாட்டுக்குத் தடை. இந்திய உச்ச நீதிமன்றமும் 1995-இல் கல்நார்த் தொழிலாளர்களின் உடல்நலப் பாதுகாப்புக்காக ஆணைகள் பிறப்பித்தது. எனவே வயதான வண்டியில் உள்ள நார் வளையத்தை உலர்வாகச் சுரண்டுவதோ, உப்புத்தாளால் தேய்ப்பதோ, காற்றடித்து ஊதுவதோ கூடாது. தண்ணீரால் நனைத்து, முழுதாகப் பெயர்த்து, பையில் இட்டுக் கட்டிவிட வேண்டும். நாள் முழுதும் இந்த வேலையே செய்யும் பட்டறைத் தொழிலாளிக்கு இதை யாராவது சொல்லியாக வேண்டும். வண்டி உரிமையாளரும் சொல்லலாம். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டுக் கசிவு தேடுவதும் ஆபத்து. கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது; அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

இந்த இயற்பியல் மோட்டார் சைக்கிளோடு நிற்பதில்லை. மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலும், அத்திப்பட்டில் உள்ள வடசென்னை அனல் மின் நிலையத்திலும் குழாயும் குழாயும் சேரும் எண்ணற்ற இணைப்புகளில் இதே ஏற்பாடு பெரிய அளவில் இருக்கிறது: இரண்டு கடின முகங்கள், நடுவே எஃகு நாடாவும் கிராஃபைட்டும் சேர்த்துச் சுருட்டிய மென்மையான வளையம், சுற்றிலும் போல்ட்கள். எதிரெதிர் போல்ட்களைப் படிப்படியாக இறுக்குவது அங்கும் நடைமுறை. இணைப்பைத் திறந்தால் புது வளையம் போடுவதும் நடைமுறை. அங்கே யாரும் பழைய வளையத்தை மிச்சம் பிடிப்பதில்லை. கசிந்தால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெருமுனைப் பட்டறையில் வண்டியை விடுபவருக்கும் அதே அறிவு கிடைக்க வேண்டும். ஹெட்டும் ஸ்டட்டும் குழாயும் பல ஆண்டுகள் நிலைப்பதற்காகச் செய்யப்பட்டவை. வளையம் அவற்றுக்காக ஒரே ஒரு முறை நசுங்குவதற்காகச் செய்யப்பட்டது. அடுத்த முறை சைலன்சரைக் கழற்றும் முன்பே புது வளையத்தை வாங்கி வைத்துக்கொள்வதுதான், எஞ்சினைப் புரிந்துகொண்டவர் செய்யும் சிக்கனம்.